பேராதனைப் பூங்காவின் பின்னால் ஒரு முஸ்லிம் பரிசாரியார்



பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா போகாத பிள்ளைகள் எமது கிராண்ட்பாஸில் குறைவு. ஆனால் அந்தப் பூங்காவின் வரலாற்றில் முஸ்லிம் வைத்தியர் ஒருவருக்கும் பங்கு உண்டு என்று வகுப்பில் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான். அதனால்தான் இந்தப் பதிவு.

அவர் பெயர் மீரா லெப்பை மேஸ்திரியார். பின்னாளில் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், 1806 இல் அவரை உயர் நீதிமன்றத்தின் கீழிருந்த மருத்துவப் பகுதிக்குச் சுதேச மேற்பார்வையாளராக நியமித்தார். இதை ஜோன்ஸ்டனே எழுதி வைத்திருக்கிறார். 1827 இல் லண்டன் றோயல் ஆசிய சங்கத்தின் வெளியீட்டில் அவரது கடிதம் அச்சானது.

மேஸ்திரியாரின் குடும்பம் எழுநூறு, எண்ணூறு வருடங்களாக வைத்தியம் செய்துவந்தது என்றும், அவரிடமிருந்த வைத்திய நூல்களில் பல அவ்வளவு காலம் அந்தக் குடும்பத்திலேயே இருந்தவை என்றும் அக்கடிதம் சொல்கிறது. இலங்கை முஸ்லிம் வைத்தியர்கள் தொன்றுதொட்டுப் பயன்படுத்திய மூலிகைகள் அனைத்தையும் பற்றி மேஸ்திரியார் விரிவான அறிக்கை ஒன்றும் கொடுத்தார். அந்த மூலிகைகளை வளர்த்து மேம்படுத்துவது, 1810 இல் அரச தாவரவியல் தோட்டம் அமைக்கப்பட்டதன் பெரிய நோக்கங்களில் ஒன்று என்கிறார் ஜோன்ஸ்டன்.

அந்தத் தோட்டம் முதலில் அமைந்தது எமக்குப் பக்கத்தில், கொம்பனித்தெருவில். அங்குள்ள கியூ வீதியின் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. 1813 இல் களுத்துறைக்கும், 1821 இல் பேராதனைக்கும் அது இடம் மாறியது.

பூங்காவின் கதையில் வில்லியம் கெர், அலெக்சாண்டர் மூன் போன்ற வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்கள் வருகின்றன. மேஸ்திரியாரின் பெயர் வருவதில்லை. ஜோன்ஸ்டன் அந்தச் சில வரிகளை எழுதாமல் விட்டிருந்தால், அவர் எமக்கு இல்லாமலே போயிருப்பார்.

இங்குதான் எமது கவலை. காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் உம்மம்மா கொத்தமல்லியும் மரமஞ்சளும் அவித்துத் தந்த கைப்பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கல்வி இருந்தது. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமும் யூனானியைத் தன்னுள் சேர்த்து அங்கீகரித்திருக்கிறது. அந்தக் கல்வியை எழுதிவைத்த வாகட ஏடுகளும் அறபுத்தமிழ்க் கொப்பிகளும் எத்தனை வீடுகளில் செல்லரித்துப் போயின? களனி கங்கையின் வெள்ளத்தில் எத்தனை நனைந்தன? போத்தல், பேப்பர் வாங்க வருபவரிடம் எத்தனை போயின?

வீட்டு அலுமாரியில் அப்படியொரு கொப்பி இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். எழுத்து விளங்காவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வையுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே அது யாருடைய கையெழுத்து என்று கேட்டு, முதல் பக்கத்தில் பெயரைக் குறித்து வையுங்கள்.

எமது பரிசாரிமாரின் பெயரை எழுதி வைக்க இன்னொரு ஜோன்ஸ்டன் வரும்வரை நாம் காத்திருக்கக் கூடாது.