வரம்பு மதிப்பும் ஆற்றுநீரும்: ஐரோப்பிய வேதிப்பொருள் விதிகளும் தமிழகத் தோல், ஆடை ஏற்றுமதியும் (1989–2021)

முன்னுரை

வேதிப்பொருள் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை இயற்றிய நாடுகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அச்சட்டங்கள் தோற்றுவித்த கடமைகளில் பெரும்பகுதியை நிறைவேற்றியவர்களோ வேறு நாட்டில், வேறோர் ஆற்றங்கரையில் இருந்தனர். ஜெர்மனி 1989இல் பென்டாகுளோரோபீனாலுக்கு விதித்த தடை முதல், ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் நடைமுறைப்படுத்திய நோனைல்பீனால் எதாக்சிலேட்டு வரம்பு வரையிலான காலப்பகுதியை, பாலாறு, நொய்யல் ஆகிய இரு ஆற்றுப்படுகைகளிலிருந்து இக்கட்டுரை நோக்குகிறது. இவ்விதிகள் முடிவுற்ற பொருளை மட்டுமே அளந்தன. ஆதலால் அவை அளந்த நஞ்சு குறைந்தது. அளக்காதது கரையிலேயே தங்கியது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

பூஞ்சைக்கொல்லியும் ஐந்து மில்லிகிராமும்

ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிடப்பட்ட தமிழகத் தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரில் இலண்டன் சந்தைக்குச் சென்ற காலத்தில், தோலின் தரத்தைக் கண்ணாலும் கையாலும் கணிக்க முடிந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1970களில் பச்சைத்தோல், அரைப்பதத் தோல் ஆகியவற்றின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதன்பின் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் முழுப்பதத் தோலும் காலணியும் செய்யும் தொழில் வளர்ந்தது. ஏற்றுமதியின் மதிப்பு கூடியது. குரோமியம் உப்பு, சாயம், பூச்சு எனத் தோலில் ஏறும் வேதிப்பொருள்களும் பெருகின.

ஈரத்தோலில் பூஞ்சை எளிதில் படரும். கடல்வழியாகப் பல வாரம் செல்லும் சரக்குக்கு மலிவான காப்பாகப் பென்டாகுளோரோபீனால் பயன்பட்டது. 1989 டிசம்பரில் ஜெர்மனி இதனைத் தடைசெய்து, ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராம் என வரம்பு விதித்தது. கண்ணும் கையும் இங்கு உதவவில்லை. வணிகப் பெயரில் வாங்கும் கலவையின் உட்கூறு யாது என்பதற்கு விற்றவரின் சொல்லைத் தவிரப் பதனிடுபவரிடம் வேறு சான்றில்லை. தோலை ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்த்தாலன்றி வரம்புக்குள் உள்ளதா என்று அறிய வழியில்லை. சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சோதனைக்கும் மாற்றுப்பொருள் தேடலுக்கும் துணைநின்றது. மாற்றுகள் விலை மிகுந்தவை. பெரிய ஏற்றுமதியாளர் அவ்விலையைத் தாங்கினர். கூலிக்குப் பதனிடும் சிறிய தொழிற்கூடத்திற்கு அது வேறு கணக்கு.

சாயத்தின் பெயரும் அமீனின் பெயரும்

1994 ஜூலை 15 அன்று ஜெர்மனி தன் நுகர்பொருள் ஆணையைத் திருத்தியது. தோலோடு நெடுநேரம் தொடர்பில் இருக்கும் பொருள்களில் குறிப்பிட்ட அசோ சாயங்கள் இருத்தலாகாது என்பது அத்திருத்தம். இதனை நம் செய்தித்தாள்கள் ‘சாயத்தடை’ என்றே குறித்தன. ஆனால் ஆணை சாயங்களைப் பெயர்சுட்டித் தடுக்கவில்லை. சாயம் சிதைந்தால் வெளிப்படக்கூடிய 20 அரோமேட்டிக் அமீன்களையே பட்டியலிட்டது. சோதனை முறையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்பது எல்லை. பட்டறைக்காரர் அறிந்தது சாயத்தின் வணிகப் பெயர். சட்டம் கேட்டதோ அச்சாயத்தின் மூலக்கூற்று அமைப்பு. தொடரும் சிக்கல்கள் பலவும் இவ்விடைவெளியிலிருந்து பிறந்தவை.

இவ்வமீன்களின் தீங்கு 1994இல் திடீரெனக் கண்டறியப்பட்டதன்று. பிராங்க்பர்ட்டு அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு 1895இலேயே அறிவித்தார். பென்சிடினிலிருந்து உருவான காங்கோ சிவப்பு 1884இல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921இல் பென்சிடினின் புற்றுநோய் ஆபத்தை எடுத்துரைத்தது. 1970களில் மேற்கு ஐரோப்பியப் பெருநிறுவனங்கள் பென்சிடின் சாயங்களைக் கைவிட்டன. ஆயினும் அவற்றின் உற்பத்தி இந்தியா உள்ளிட்ட நாடுகளில் தொடர்ந்தது. தொழிலாளியின் நோயாக அறியப்பட்ட ஒன்று, சட்டை அணிபவரின் ஆபத்தாக மறுவரையறை பெற்றபோதே எல்லை கடந்த சட்டவலிமை பெற்றது. இவ்வரிசைமுறை தற்செயலானதென்று கொள்ள இயலவில்லை.

திருப்பூரின் தொழிலமைப்பு இவ்விதியின் பளுவை இன்னும் கூட்டியது. அங்கு ஏற்றுமதியாளர் பலருக்குச் சொந்தச் சாயப்பட்டறை இல்லை; நூல், பின்னல், சாயமேற்றல், தையல் என ஒவ்வொரு படியும் வெவ்வேறு கைகளில் கூலிக்கு நடந்தது. ஜெர்மன் வணிகர் ஏற்றுமதியாளரிடம் சான்று கேட்டார்; அவர் பட்டறையிடம் கேட்டார்; பட்டறை சாய வணிகரிடம் கேட்டது. தையல் நூலும் கழுத்துப்பட்டைச் சீட்டும்கூடச் சோதனைக்கு உரியவையாயின. கடமை இவ்வாறு படிப்படியாகக் கீழிறங்கியது. அதற்கான விலை அதே படிகளில் இறங்கிற்று என்று கூறுதல் அரிது.

காலக்கெடு பலமுறை தள்ளிவைக்கப்பட்டு 1996இல் ஜெர்மன் விதி நடைமுறைக்கு வந்தது. 1997இல் இந்திய நடுவணரசு 70 அசோ சாயங்களைக் கையாளத் தடைவிதித்தது. முன்னரே தடைசெய்யப்பட்ட 42 பென்சிடின் சாயங்களையும் சேர்த்தால் 112. உள்நாட்டுத் தொழிலாளரையும் நுகர்வோரையும் காக்கும் அச்சட்டத்தை விரைவுபடுத்தியதில் ஏற்றுமதிச் சந்தையின் அழுத்தத்திற்குப் பங்குண்டு. இதனை ஐரோப்பிய விதிகளின் நற்பயனாக ஏற்பதில் தயக்கம் வேண்டியதில்லை. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் 22 அமீன்களுடன் இதனைப் பொதுவிதியாக்கியது.

சோதனைக்கு உட்படாத உப்பு

ஜெர்மன் விதி நடைமுறைக்கு வந்த அதே 1996இல், ஆகஸ்டு 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்னும் கோட்பாடும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அது அறிவித்தது. பாலாற்றுப் படுகையின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்த கழிவுநீரே வழக்கின் பொருள். பச்சைத்தோலைக் காக்கும் கறியுப்பு நீரில் கரைந்து வெளியேறிவிடுகிறது. காலணியில் அது எஞ்சுவதில்லை. எனவே எந்த இறக்குமதிச் சோதனையிலும் அது அகப்படவில்லை. ஐரோப்பிய வரம்புகளையெல்லாம் நிறைவுசெய்த ஒரு தோல், கிணறொன்றை உவராக்கிவிட்டுக் கப்பலேற முடிந்தது.

2007இல் நடைமுறைக்கு வந்த ‘ரீச்’ ஒழுங்குமுறை கடமைகளை விரிவாக்கியது. ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் சந்தைக்கு வரும் வேதிப்பொருளைப் பதிவு செய்யவேண்டும். ஒன்றியத்திற்கு வெளியே உள்ள உற்பத்தியாளர் தாமே பதிவுசெய்ய இயலாது. அங்குள்ள ஒருவரைத் தனிப் பிரதிநிதியாக அமர்த்தலாம், இல்லையேல் இறக்குமதியாளர் பதிவு செய்யவேண்டும். ஆடை, காலணி போன்ற பொருளில் மிகு கவலைக்குரிய பொருள் எடையில் 0.1 விழுக்காட்டிற்கு மேல் இருப்பின், நுகர்வோர் கேட்ட 45 நாளுக்குள் வழங்குநர் விடைதர வேண்டும். சட்டத்தின் முன் பொறுப்பாளர் ஐரோப்பிய வழங்குநரே. ஆனால் கொள்முதல் ஒப்பந்தம் வழியாக அப்பொறுப்பு ஆம்பூருக்கும் திருப்பூருக்கும் வந்துசேர்ந்தது. ஐரோப்பிய நீதிமன்றத்தில் முறையிடும் நிலையில் இல்லாத ஒருவர் அச்சட்டத்திற்கு அன்றாடம் கணக்குக் கொடுக்கிறார்.

நொய்யலின் கதையில் வாங்குபவரின் விதியைவிட நீதிமன்றமே முன்னின்றது. கழிவுநீர் தொடர்ந்து ஆற்றில் கலந்தமையால் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத முறைக்கு மாறிய பட்டறைகளே பின்னர் மீண்டும் இயங்கின.

இப்பின்னணியில் நோனைல்பீனால் எதாக்சிலேட்டு விதி தனித்து நோக்கத்தக்கது. துணியை அலசப் பயன்படும் இப்பொருள் சிதைந்து, நீர்வாழ் உயிர்களின் நாளமில்லாச் சுரப்பிகளைப் பாதிக்கிறது. தன் எல்லைக்குள் ஆடைத் தொழிலில் இதன் பயன்பாட்டை 2005 முதலே ஒன்றியம் கட்டுப்படுத்தியிருந்தது. எனினும் இறக்குமதியாகும் ஆடையை வீட்டில் துவைக்கும்போது இது ஐரோப்பிய நீர்நிலைகளை அடைவது தெரியவந்தது. ஆகவே நீரில் துவைக்கத்தக்க ஆடைகளில் 0.01 விழுக்காடு என்னும் வரம்பு 2021 பிப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. உடலைக் காக்க எழுந்த விதிமரபில் ஆற்றைக் காக்க எழுந்த விதி இது. அந்த ஆறு ஐரோப்பாவின் ஆறு. உற்பத்தியில் இப்பொருளை அறவே தவிர்த்தும் வரம்பை எட்டலாம். ஏற்றுமதிக்கு முன் துணியை மேலும் சிலமுறை அலசியும் எட்டலாம். அலசிய நீர் எங்குச் சென்றது என்று அவ்விதி கேட்பதில்லை.