ஹாஃப்லிங் மருத்துவமனை ஆய்வு

மருத்துவரின் உத்தரவு மருந்துப் புட்டியின் லேபிளுக்கு முரணாக இருந்தால் செவிலியர் என்ன செய்வார்கள் என்பதை அறிய, அமெரிக்க உளநோய் மருத்துவர் சார்லஸ் ஹாஃப்லிங்கும் குழுவினரும் நடத்திய ஆய்வு இது. 1966இல் வெளியானது.

பணியிலிருந்த செவிலியரைத் தொலைபேசியில் அழைத்த அறிமுகமில்லாத ஒருவர், தம்மை மருத்துவர் என்று கூறி, ஒரு நோயாளிக்கு 'ஆஸ்ட்ரோடென்' 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். பிறகு வந்து கையொப்பமிடுவதாகவும் சொன்னார். லேபிளிலோ ஒரு நாளின் உச்ச அளவு 10 மில்லிகிராம் என்றிருந்தது. தொலைபேசி உத்தரவை ஏற்க மருத்துவமனை விதியும் இடம் தரவில்லை. ஆயினும் 22 செவிலியரில் 21 பேர் மருந்தைக் கொடுக்கப் புறப்பட்டனர். அவர்களைத் தடுத்து உண்மை கூறப்பட்டது. புட்டியில் இருந்தது தீங்கற்ற குளுக்கோஸ். அப்பெயரில் மருந்தே இல்லை.

இதே நிலைமையை விவரித்துக் கேட்டபோது, வேறு 12 செவிலியரில் 10 பேரும், 21 செவிலிய மாணவியர் அனைவரும் கொடுக்க மாட்டோம் என்றே கூறினர்.

1977இல் ராங்க், ஜேக்கப்சன் இருவரும் செவிலியர் நன்கறிந்த வேலியம் மருந்தை மிகை அளவில் கொடுக்கச் சொல்லிச் சோதித்தனர். சக செவிலியரிடம் கலந்து பேசவும் வாய்ப்பிருந்தது. 18 பேரில் இருவரே கொடுக்க முன்வந்தனர். மருந்தைப் பற்றிய அறிவும், ஐயம் எழுந்தால் கேட்க ஒருவரும் இருந்தால் தவறான உத்தரவைச் செவிலியர் பெரும்பாலும் மறுப்பார்கள் என்பதை இவ்விரு ஆய்வுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.