"ஆள் பாதாளமா?" என்று கேட்பதற்கு முன்

கொட்டாஞ்சேனையில் வெடி என்று செய்தி வந்தால் வாட்ஸ்அப்பில் முதல் கேள்வி, "ஆள் பாதாளமா?" ஆமாம் என்று ஒருத்தர் போட்டுவிட்டால் பேச்சு அத்தோடு சரி.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 2004 ஜனவரியில் தம்மிக்க அமரசிங்க புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 21 வருடம் கழித்து, 2025 பெப்ரவரி 19, அதே புதுக்கடையில் கணேமுல்ல சஞ்சீவ. சுட்டவர் வந்தது சட்டத்தரணி வேடத்தில், துப்பாக்கி இருந்தது குடைந்த சட்டப் புத்தகத்துக்குள். இடையில் 2017 பெப்ரவரி 27இல் களுத்துறையில் சிறைச்சாலை பஸ்ஸை மறித்து 'சமயங்' என்பவரைக் கொன்றார்கள். அன்று செத்தது ஏழு பேர். அதில் இரண்டு பேர் சிறைச்சாலை அதிகாரிகள். அவர்கள் எந்தப் பாதாளம்?

சஞ்சீவ கொலைக்கு இரண்டு நாள் கழித்து நம்ம கொட்டாஞ்சேனையில் ஒருவர். கைதான இரண்டு சந்தேக நபர்களும் விடிவதற்குள் பொலிஸ் சூட்டில் செத்தார்கள்.

1948 முதல் 1952 வரை பிலடெல்பியாவில் கொல்லப்பட்ட 588 பேரைப் பற்றி மார்வின் வுல்ஃப்காங் 1958இல் எழுதினார். கொன்றவர்களில் 64 சதவீதத்தினருக்குப் பழைய கைதுப் பதிவு இருந்தது, கொல்லப்பட்டவர்களில் 47 சதவீதத்தினருக்கு. இதைப் படித்துவிட்டு "தேடிக்கொண்டது" என்று சொல்வார்கள். ஆனால் செத்தவர்களில் பாதிக்கு மேல் பதிவே இல்லாதவர்கள், அதை யாரும் கவனிப்பதில்லை.

1989இல் டெட்ரொய்ட் வைத்தியர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். வெட்டு, குத்து, சூடு பட்டுப் பிழைத்தவர்களில் 44 சதவீதம் பேர் ஐந்து வருடத்துக்குள் திரும்பவும் காயப்பட்டார்கள். 20 சதவீதம் பேர் இறந்தே போனார்கள். அப்படியென்றால் பழைய பதிவும் பழைய காயமும் அடுத்த வெடிக்கு முன்னறிவிப்பு. நாமோ அதை வைத்துத்தான் கதையை மூடுகிறோம்.

பால்டிமோரில் கார்னெல் கூப்பர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, 1998இல் கட்டிலடிக்கே சமூக சேவையாளரை அனுப்பினார். ஆய்வுக்கு எடுத்ததும் குற்றப் பதிவு உள்ளவர்களை, மறுபடி காயப்பட்டவர்களைத்தான். நல்லவர்களாகத் தேடிப் பிடிக்கவில்லை.

நம் நாட்டிலும் 2015இன் 4ஆம் இலக்கச் சட்டம் வந்தது, பிறகு 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம். பாதிக்கப்பட்டவரும் சாட்சியும் பாதுகாப்புக் கேட்கலாம். தன் பேரிலேயே வழக்கு உள்ளவன் பொலிஸுக்குப் போய்க் கேட்பானா? கட்டுப் பிரிக்காமலே த்ரீவீலில் ஏறி அதே தோட்டத்துக்குத்தான் போவான். சுட்டவனுக்கும் அந்த விலாசம் தெரியும். அவன் தம்பி நம்ம ஸ்கூலில் எட்டாம் ஆண்டில் இருப்பான்.

பெரியாஸ்பத்திரி விபத்துப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் பண்ணும்போது, "இங்கிருந்து எங்க போறீங்க?" என்று அவரிடம் யாராவது கேட்கிறார்களா?