போலந்தின் காகித வானூர்தி மாதிரிகள்

காகித வானூர்தி மாதிரி என்பது, அச்சிட்ட தாள்களிலிருந்து பாகங்களை வெட்டி, வளைத்து, ஒட்டி, உண்மையான வானூர்தி ஒன்றைச் சிறிய அளவில் உருவாக்குவதாகும். பள்ளிப் பிள்ளைகள் நோட்டுத் தாளை மடித்து எறியும் காகித ராக்கெட்டும் இதுவும் வேறு. இது பறப்பதற்காகச் செய்யப்படுவதில்லை, பார்ப்பதற்காகச் செய்யப்படுவது. இக்கலை பல நாடுகளில் இருந்தாலும், 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் போலந்தில் அடைந்த வளர்ச்சி தனித்துக் குறிப்பிடத்தக்கது. அச்சுத் தாளில் இல்லாத பாகங்களைக் கையாலேயே செய்து சேர்க்கும் வழக்கம் அங்கு ஒரு தனித் திறனாகவே வளர்ந்தது.

முன்வரலாறு

வெட்டி ஒட்டும் அச்சுத் தாள்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் விற்பனையாயின. பிரான்சின் எப்பினால் நகர அச்சகங்களும், ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரிலிருந்த ஷ்ரைபர் பதிப்பகமும் இதில் பெயர் பெற்றவை. கோட்டை, தேவாலயம், கப்பல் எனத் தொடங்கிய வரிசையில் வானூர்தி பின்னர் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரமும் உலோகமும் படைத்தேவைக்குப் போய்விட்டதால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் காகித மாதிரிகள் பரவின.

மாவி மொடேலாஷ்

போலந்தில் 1957-இல் ‘மாவி மொடேலாஷ்’ என்ற இதழ் தொடங்கப்பட்டது. ‘சிறிய மாதிரி செய்பவன்’ என்பது இப்பெயரின் பொருள். இதை வெளியிட்டது படைவீரர் நண்பர்கள் கழகம். 1962-இல் அது நாட்டுப் பாதுகாப்புக் கழகம் எனப் பெயர் மாறியது. இளைஞரிடம் வானூர்தி, கப்பல், படைக்கலம் பற்றிய ஆர்வத்தை வளர்ப்பது கழகத்தின் நோக்கம். சிறுவர்களுக்கோ அதைவிட எளிய காரணம் ஒன்று இருந்தது. மேற்கு நாட்டு பிளாஸ்டிக் மாதிரிகள் அன்று எளிதில் கிடைக்கவில்லை; இந்த இதழ் செய்தித்தாள் கடையில் மலிவாகக் கிடைத்தது.

மலிவுக்கு ஏற்ற குறைகளும் இருந்தன. தாள் மென்மையானது, வண்ணங்கள் கோட்டை விட்டு விலகி அச்சாகியிருக்கும். உடற்பகுதியின் உள்ளே நிற்கும் குறுக்குச் சட்டங்களை வீட்டில் கிடைத்த அட்டையில் ஒட்டி, காய்ந்தபின் வெட்டிக்கொள்ள வேண்டும். எந்திரம் பெரும்பாலும் ஒரு வட்டத் தாளில் அச்சிட்ட படமாகவே இருக்கும். விமானியின் அறையில் ஓர் இருக்கை இருந்தால் உண்டு. கூடுதல் பாகம் செய்யும் பழக்கம் இந்தப் போதாமையிலிருந்துதான் பிறந்தது என்று சொல்லலாம். எல்லாம் நிறைவாக அச்சாகி வந்திருந்தால் ஊசியையும் நூலையும் எடுக்க எவருக்கும் தோன்றியிராது.

பி.11 என்னும் எடுத்துக்காட்டு

போலந்தில் மிக விரும்பிச் செய்யப்படும் மாதிரிகளுள் ஒன்று பி.இசட்.எல். பி.11 போர் வானூர்தி. கடற்பறவையின் சிறகுபோல் உடலருகே வளைந்து இறங்கும் அதன் இறக்கை, பொறியாளர் சிக்முந்த் புவாஃப்ஸ்கியின் ஆக்கம். அவர் 1931 மார்ச்சில், தாமே வடிவமைத்த வேறொரு வானூர்தியை ஓட்டியபோது விபத்தில் இறந்தார்; அப்போது வயது 29. பி.11-இன் முதல் பறப்பு அதே ஆண்டு ஆகஸ்டில்தான் நடந்தது. 1939 செப்டம்பரில் ஜெர்மனி படையெடுத்தபோது இது பழசாகிவிட்ட வானூர்தி. எதிரியின் சில குண்டுவீச்சு வானூர்திகளைக்கூடத் துரத்திப் பிடிக்கும் வேகம் இதற்கு இல்லை. ஆயினும் நாட்டைக் காக்க முதலில் எழுந்தவை இவையே. இன்று முழுமையாக எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. ஜெர்மானியர் அதைக் கைப்பற்றி பெர்லின் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தனர். போருக்குப்பின் போலந்துக்குத் திரும்பிய அது இப்போது கிராக்கோவ் வானூர்தி அருங்காட்சியகத்தில் உள்ளது.

போலந்து மாதிரிகளில் பெரும்பாலும் கையாளப்படும் அளவு 33-இல் ஒரு பங்கு. 10.72 மீட்டர் இறக்கை விரிவுடைய பி.11 இவ்வளவில் சுமார் 32.5 செ.மீ. ஆகும். கணக்கைத் திருப்பிப் பார்த்தால் சிக்கல் தெரியும். மாதிரியில் அரை மில்லிமீட்டர் பிசகினால் உண்மை வானூர்தியில் அது 16 மில்லிமீட்டருக்கும் அதிகம். 0.2 மி.மீ. தாளின் ஓரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால், ஏறத்தாழ 7 மி.மீ. தடிமனுள்ள தகட்டைப் போர்த்தியதுபோல் படி தெரியும். அதனால் தேர்ந்தவர்கள் ஒட்டுமடிப்பை வெட்டி எறிந்துவிடுவார்கள். உட்புறம் ஒரு நாடாத் தாளை ஒட்டி, இரு துண்டுகளின் விளிம்புகளையும் அதன்மேல் நேருக்கு நேர் சேர்ப்பார்கள். வெட்டிய விளிம்பில் தெரியும் வெள்ளைக் கோட்டை நீர்வண்ணத்தால் மறைப்பதும் கட்டாயம். அதை மறந்த மாதிரி, எவ்வளவு நேர்த்தியாக ஒட்டப்பட்டிருந்தாலும், பொம்மையாகவே தோன்றும்.

பி.11-இன் இறக்கைத் தகடு வழவழப்பானது அன்று. நெருக்கமான நெளிவரிகள் கொண்டது. அச்சுத் தாளில் அவை வெறும் கோடுகள். செய்பவர், மை தீர்ந்த பேனா முனையால் தாளின் பின்புறம் ஒவ்வொரு கோடாக அழுத்துவார். முன்புறம் வரி மேலெழும். அளவுகோல் ஓரிடத்தில் நழுவினாலும் முழு இறக்கையும் வீண். இந்த வேலைக்கு மாலைப்பொழுதுகள் பல போகும்.

அடுத்தது எந்திரம். பிரிஸ்டல் மெர்குரி வகையைச் சேர்ந்த இதற்கு, வட்டமாக அமைந்த ஒன்பது சிலிண்டர்கள். இந்த அளவில் முழு எந்திரமும் சுமார் 4 செ.மீ. அகலமே, ஒரு சிலிண்டர் பென்சில் பருமன்தான் இருக்கும். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதன்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றினால் குளிர்விக்கும் தகடுகளின் தோற்றம் வந்துவிடும். இன்னும் பொறுமையுள்ளவர்கள் சிறிதும் பெரிதுமான வட்டத் தாள்களை மாறி மாறி அடுக்குவார்கள். துப்பாக்கிக் குழல் ஊசியில் சுருட்டிய காகிதம். சக்கரம் அட்டை வட்டங்களை அடுக்கி ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து உருட்டியது. இருக்கைப் பட்டையின் கொக்கி வளைத்த மெல்லிய கம்பி. விமானியின் அறை திறந்தது. முன்னால் ஒரு சிறு காற்றுத் தடுப்பு மட்டுமே உண்டு. ஆகவே உள்ளே செய்த வேலை எல்லாம் வெளியே தெரியும், செய்யாததும் தெரியும்.

வலோரிசாட்சியா

இப்படிக் கூடுதல் பாகங்களால் மாதிரியை மேம்படுத்துவதைப் போலந்து மாதிரி செய்பவர்கள் ‘வலோரிசாட்சியா’ என்பர். மதிப்புக் கூட்டுதல் என்று கொள்ளலாம். நூலும் கம்பியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தபின் அது காகித மாதிரிதானா என்ற கேள்வி எழாமல் இல்லை. போட்டிகளில் இரண்டையும் தனித்தனிப் பிரிவுகளாக வைப்பது இதற்கு ஒரு தீர்வு. தூய்மை பேசுவோரின் வாதத்தில் நியாயம் உண்டு. எனினும், பாகத்தைத் தானே செய்ய முனைபவர் தாளை மட்டும் நம்ப முடியாது. பழைய நிழற்படங்களையும் வரைபடங்களையும் தேடி, அந்தக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தாக வேண்டும். அப்போது அச்சுத் தாளில் இருந்த பிழைகளும் வெளிப்படும்.

பி.11-க்காவது ஒப்பிட்டுப் பார்க்கக் கிராக்கோவில் ஒன்று நிற்கிறது. அதே காலத்து இரட்டை எந்திரக் குண்டுவீச்சு வானூர்தியான பி.இசட்.எல். 37 ‘வோஷ்’ முழுமையாக ஒன்றுகூட எஞ்சவில்லை. அதைச் செய்ய விரும்புபவருக்கு நிழற்படங்களும் வரைபடங்களுமே துணை.

1989-க்குப் பின்

பொதுவுடைமை ஆட்சி முடிந்தபின் தனியார் பதிப்பகங்கள் பல தோன்றின. கணினியில் வரைந்த தாள்கள் வந்தன. ஹலின்ஸ்கி போன்ற வெளியீடுகளில் விமானி அறையின் உட்புறமும் எந்திரமும் நுணுக்கமாகவே அச்சாயின. பின்னர், லேசர் கதிரால் வெட்டிய குறுக்குச் சட்டங்கள் தனியே விற்பனைக்கு வந்தன. முன்பு கையால் செய்த பல பாகங்களை இப்போது பணம் கொடுத்து வாங்கலாம். வாங்குபவர்களும் பலர், வாங்கி வைத்துவிட்டு, எந்திரத்துக்கு மட்டும் தாமே நூல் சுற்றுபவர்களும் இருக்கிறார்கள்.