அமெரிக்கத் திரைப்படங்களில் மாற்றாந்தாயும் மாற்றாந்தந்தையும்

மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை ஆகியோர் அமெரிக்கத் திரைப்படங்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வரும் கதைமாந்தர் ஆவர். கணவன், மனைவி இருவரும் தத்தம் முந்தைய மணத்தின் குழந்தைகளுடன் சேர்ந்து வாழும் குடும்பம் கலப்புக் குடும்பம் எனப்படுகிறது. பழைய படங்களில் இவ்வுறவுகள் பெரும்பாலும் பெற்றோருள் ஒருவரின் இறப்பால் உருவாகின்றன. 1970களுக்குப் பின்னர் வந்த படங்களில் மணமுறிவு முதன்மைக் காரணமாயிற்று. அதனுடன் கதைகளின் சிக்கலும் மாறியது.

நாட்டார் கதைகளின் தாக்கம்

கொடிய மாற்றாந்தாய் ஐரோப்பிய நாட்டார் கதைகளிலிருந்து திரைக்கு வந்தவள். கிரிம் சகோதரர்களின் 1812 ஆம் ஆண்டுப் பதிப்பில், ஸ்னோ வைட்டைக் கொல்ல முயல்பவள் அவளைப் பெற்ற தாயே ஆவாள். 1819 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாயாக மாற்றப்பட்டாள். இவ்வாறு தாய்க்குரிய பழி மாற்றாந்தாயின்மேல் ஏற்றப்பட்டது. வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீள அசைபடமான "ஸ்னோ வைட்டும் ஏழு குள்ளர்களும்" (1937), பின்னர் வந்த "சின்ட்ரெல்லா" (1950) ஆகியவை இவ்வுருவத்தை உலகெங்கும் குழந்தைகளிடம் கொண்டு சேர்த்தன.

மாற்றாந்தந்தை

திரையில் மாற்றாந்தாயின் கொடுமைக்குப் பொறாமை காரணமாகக் காட்டப்படுகிறது. மாற்றாந்தந்தையோ வீட்டுக்குள் நுழையும் அயலானாகச் சித்திரிக்கப்படுகிறான். "தி நைட் ஆப் தி ஹண்டர்" (1955) படத்தில் ராபர்ட் மிட்சம் ஏற்ற போலிச் சமயப் போதகன், மறைத்து வைக்கப்பட்ட பணத்துக்காகக் கைம்பெண் ஒருத்தியை மணந்து, அவளுடைய குழந்தைகளைத் துரத்துகிறான். "தி ஸ்டெப்பாதர்" (1987) இதே அச்சத்தைத் திகிற்படமாக்கியது.

நல்லுறவுப் படங்கள்

"தி சவுண்ட் ஆப் மியூசிக்" (1965) படத்தில் மரியா ஏழு குழந்தைகளின் அன்புக்குரிய மாற்றாந்தாய் ஆகிறாள். "யுவர்ஸ், மைன் அண்ட் அவர்ஸ்" (1968) பத்துக் குழந்தைகளின் தந்தையும் எட்டுக் குழந்தைகளின் தாயும் மணந்துகொள்ளும் நகைச்சுவைப் படமாகும். இது உண்மைக் குடும்பம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. இரண்டிலும் முந்தைய துணைவர் உயிருடன் இல்லை. எனவே புதியவருக்குப் போட்டியும் இல்லை.

மணமுறிவுக்குப் பின்

கலிபோர்னியாவில் 1970 முதல், எவர்மீதும் குற்றம் சாட்டாமல் மணமுறிவு பெறச் சட்டம் இடமளித்தது. ஏனைய மாநிலங்களும் படிப்படியாக இதனைப் பின்பற்றின. பெற்ற தாய் உயிருடன் இருக்கையில் மாற்றாந்தாயின் இடம் என்ன என்ற கேள்வி திரையிலும் எழுந்தது. "தி பேரன்ட் டிராப்" (1961, மறுஆக்கம் 1998) இக்கேள்வியைத் தவிர்த்தது. அதில் இரட்டைச் சிறுமியர் தந்தை மணக்கவிருந்த பெண்ணை விரட்டிவிட்டுப் பெற்றோரைச் சேர்த்து வைக்கின்றனர். "ஸ்டெப்மாம்" (1998) அதனை நேராக எதிர்கொண்டது. புற்றுநோயுற்ற தாயாக சூசன் சரண்டனும், அவளுடைய குழந்தைகளை வளர்க்கவிருக்கும் பெண்ணாக ஜூலியா ராபர்ட்சும் நடித்தனர். இப்படம் 2010 இல் "வி ஆர் பேமிலி" என இந்தியில் மறுஆக்கம் செய்யப்பட்டது.

ரிச்சர்ட் லிங்க்லேட்டர் பன்னிரண்டு ஆண்டுகளில் எடுத்த "பாய்வுட்" (2014) வேறொரு துயரைக் காட்டுகிறது. குடிகாரனான இரண்டாம் கணவனை விட்டு வெளியேறும் தாய் தன் குழந்தைகளை மட்டுமே அழைத்துச் செல்கிறாள். உடன் வளர்ந்த அவனுடைய குழந்தைகள் அங்கேயே விடப்படுகின்றனர். அவர்கள்மீது அவளுக்குச் சட்டப்படி உரிமை இல்லை. இங்கே பிரிவுக்குக் காரணம் மாற்றாந்தாயின் கொடுமை அன்று. அவளது அன்புக்குச் சட்டத்தில் இடமின்மையே ஆகும்.