பேராக் ஆற்றின் மின்சாரமும் தோட்டத்து மண்ணெண்ணெய் விளக்கும்

திருவிழா மலரில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். கோபுரத்திலும் இரதத்திலும் ஒளிரும் விளக்குகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நம் முன்னோருக்கும் ஓர் இடம் உண்டு. ஆயின் அது வெளிச்சத்தில் இருந்த இடமன்று.

புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பற்றி இன்று எங்கும் பேசப்படுகிறது. 2050ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மின்னுற்பத்தித் திறனில் நூற்றுக்கு 70 பங்கு அத்தகையதாக அமைய வேண்டும் என்று அரசாங்கம் 2023இல் இலக்கு வகுத்தது. இதனைப் புதுமை என்று எண்ணுவோர் கோலகங்சார் மாவட்டத்தில் பேராக் ஆற்றின் குறுக்கே நிற்கும் செண்டரோ அணையை ஒருமுறை பார்த்து வருதல் நலம்.

அவ்வணை ஈயத்திற்காகப் பிறந்தது. லாருட்டிலும் கிந்தாவிலும் ஈயம் உருக்க மரக்கரி வேண்டியிருந்தது. பின்னர் நீராவிப் பொறிகளுக்கு விறகு வேண்டியிருந்தது. ஈயலம்பங்களைச் சூழ்ந்திருந்த காடுகள் அழிந்தன. 1913 முதல் ஈயம் வாரும் மிதவைக் கப்பல்கள் கிந்தா பள்ளத்தாக்கில் இறங்கவே, ஆற்றல் தேவை மேலும் பெருகியது. 1926இல் தோன்றிய பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் 1930இல் அணையை முடித்தது. தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிக்கு நிற்கும் ஐந்தாம் எண் கப்பல் 1938 முதல் 1982 வரை மின்சாரத்தாலேயே ஓடியது.

அணைக்கும் ஈப்போவுக்கும் இடையே கிடக்கும் சுங்கை சிப்புட் வட்டாரம் ரப்பர் தோட்டங்கள் நிறைந்தது. ஈப்போ நகரம் மின்னொளியில் திளைத்த காலத்தில் அத்தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பின்னாளில் பல தோட்டங்களில் எஞ்சின் வந்தது. அதுவும் இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும். லயத்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தால் ஆதாயம் இராது எனக் கணக்கிட்டிருப்பர் என்பதே என் கருத்து.

அதே லயங்களில் எதுவும் வீணானதில்லை. தொடக்கக் காலத்தில் தேங்காய்ச் சிரட்டையே பாலேந்தும் மங்கு. மங்கில் உறைந்த கட்டிப்பாலும் வெட்டில் ஒட்டிய ஒட்டுப்பாலும் சேர்த்து நிறுக்கப்பட்டன. காய்ந்த பால்மரக் கட்டை புகைக்கூடத்திற்கும் அடுப்பிற்கும் சென்றது. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கிற்று. காலியான எண்ணெய்த் தகரம் தண்ணீர் சுமந்தது. இதனைச் சிக்கனம் என்று போற்றுவது எளிது. கூலி போதாமையே அதன் ஆசான். ஒருகாலத்தில் விறகாய் எரிந்த அப்பால்மரம் 1980களில் ஏற்றுமதித் தளவாடமாக உயர்ந்தபோது, தோட்டத்து மக்களிற் பலர் நகருக்குப் பெயர்ந்துகொண்டிருந்தனர்.

நீர்மின்சாரமும் பிறருக்குத் துன்பம் தராத ஒன்றன்று. 348 மெகாவாட் திறனுள்ள தெமெங்கோர் அணை 1970களில் எழுந்தபோது, ஓராங் அஸ்லி மக்கள் தம் குடியிருப்புகளை விட்டு இடம்பெயர நேர்ந்தது. பேராக் ஆற்று நிறுவனம் 1982இல் தேசிய மின்சார வாரியத்துடன் இணைந்தது.

செண்டரோவின் சுழலிகள் இன்றும் சுழல்கின்றன. இப்போது பேச்செல்லாம் சூரிய ஒளியைப் பற்றியது. கூரையில் தகடு பதித்து மின்கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் திட்டம் 2016இல் தொடங்கியது. ஆனால் தகடு பதிக்கக் கையில் முதலும், தலைக்கு மேல் சொந்தக் கூரையும் வேண்டும். தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடியில் வாடகைக்குக் குடியிருப்போரிடம் இவ்விரண்டும் இல்லை.