மினுங்காத சுவர்

நான்கு மாதம் பார்த்துப் பார்த்துக் கட்டிய லயத்தை இரண்டு நிமிடத்தில் நானே கெடுத்துக்கொண்டேன். நவம்பர் மாதம், மாலை ஆறரை மணி. மழை விட்டுக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. நியாலாஸில் பாட்டி வீட்டின் முன்னால் பழைய நாளிதழை விரித்து, மாடலை அதன்மேல் வைத்து, மேட் கிளியர் ஸ்பிரேயை அடித்தேன். கடைசிப் பூச்சு. அது காய்ந்தால் வேலை முடிந்தது. ஆனால் காயும்போதே கூரையின் துரு நிறம் மங்கியது. கருப்புத் தூண்கள் சாம்பல் நிறமாயின. உள்ளும் புறமும் சுவரெங்கும் மெல்லிய வெண்படலம் படர்ந்தது.

பாட்டி குனிந்து பார்த்தார். "என்னடா, மருந்தடிச்ச வீடு மாதிரி ஆயிருச்சு?" என்றார்.

நான் எரிச்சலில் இருந்ததால் அந்தச் சொல் அப்போது காதில் விழவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஒரு ஸ்பிரே டின்னைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுத உட்கார்ந்தவன் இவ்வளவு தூரம் சுற்றியதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

மாடல் எதைப் பற்றியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நியாலாஸுக்குப் பக்கத்தில் பாட்டி பால்மரம் சீவிய தோட்டத்தின் லயம். ஆறு கதவுகள், பலகைச் சுவர், சுண்ணாம்பு, தகரக் கூரை, முன்னால் நீளமாக அஞ்சடி. அந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. மலாக்காவில் இந்தக் கதையின் தொடக்கம் 1896. அந்த ஆண்டு தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் நட்டார். பிறகு நியாலாஸுக்கு அடுத்திருக்கும் அசஹான் பக்கம் பெரிய அளவில் நட்டார். ரப்பர் வந்தது, அதைச் சீவ நம்மவர்கள் வந்தார்கள், அவர்களை அடைக்க லயங்கள் வந்தன. மரங்களை வெட்டியபின் லயங்களும் போயின. எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரு கல்யாணப் படம் மட்டும். அதில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் ஒன்றரைக் கதவு தெரிகிறது. மீதியைப் பாட்டி வாயால் சொல்ல, நான் 1:72 அளவில் கட்டினேன். நிஜத்தில் ஏறக்குறைய 22 மீட்டர், மேசையில் 30 சென்டிமீட்டர்.

சரி, வண்ணம் பூசியபின் எதற்கு இன்னொரு பூச்சு? இரண்டு காரணங்கள். ஒன்று, வண்ணம் உரியாமல் காக்க. இரண்டு, மினுக்கத்தை அடக்க. சுண்ணாம்புச் சுவர் மினுங்காது, துருவேறிய தகரமும் மினுங்காது. ஆனால் பிளாஸ்டிக்கில் பூசிய பெயிண்ட் மினுங்கும். அதுவும் ஓரிடத்தில் அதிகமாக, ஓரிடத்தில் குறைவாக. போதாததற்குத் தூரமும் இருக்கிறது. 1:72 மாடலை 30 சென்டிமீட்டர் தள்ளிப் பார்ப்பது நிஜ வீட்டை 21.6 மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். பெரட்டுக் களத்தில் நின்று லயத்தைப் பார்ப்பது போல வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தொலைவில் எந்தச் சுவரும் பளபளக்காது. பளபளத்தால் கண் உடனே 'பொம்மை' என்று சொல்லிவிடும்.

மேட் பூச்சு வேலை செய்யும் விதம் எளிது. தெளிந்த பிசினுக்குள் சில மைக்ரோமீட்டர் அளவிலான சிலிக்காத் துகள்கள் கலந்திருக்கும். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு சுருங்கும், துகள்கள் மேலே முட்டி நிற்கும். கண்ணாடி போல இருக்க வேண்டிய பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாகி, ஒளியை ஒரே திசையில் திருப்பாமல் எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அந்தத் துகள்கள் டின்னின் அடியில் படிந்துவிடும் என்பதால்தான் அடிப்பதற்கு முன் நன்றாகக் குலுக்கச் சொல்கிறார்கள். குலுக்காமல் அடித்தால் மேட் டின்னிலிருந்தே மினுக்கம் வரும்.

மினுக்கம் வேண்டாம் என்று சொல்வதற்கே ஒரு வரலாறு இருக்கிறது. ஐரோப்பாவில் ஓவியத்தை முடித்ததும் வார்னிஷ் பூசுவது வழக்கம். கண்காட்சித் தொடக்க விழாவுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் சொல்லும் 'வெர்னிசாஜ்' என்ற சொல்லே வார்னிஷ் பூசுவதிலிருந்து வந்தது. அதை மறுத்தவர்கள் இம்ப்ரஷனிஸ்டுகள். தன் ஓவியத்துக்கு வார்னிஷ் பூச வேண்டாம் என்று கமில் பிஸ்ஸாரோ எழுதியே வைத்தார். பளபளப்பு தன் வெளிச்சத்தைக் கெடுத்துவிடும் என்ற பயம். இரண்டாம் உலகப் போரில் அதே மறுப்பு வேறு காரணத்துக்காக வந்தது. மினுங்கும் வண்டியும் விமானமும் எதிரியின் கண்ணில் படும், ஆகவே மேட் பெயிண்ட். போர் முடிந்ததும் அந்த வண்டிகளையும் விமானங்களையும் பிளாஸ்டிக்கில் செய்து விற்றார்கள். ஏர்ஃபிக்ஸின் முதல் விமான மாடலான ஸ்பிட்ஃபயர் 1953இல் வந்தது. மாடல் செய்பவர்களுக்கு மேட் பூச்சு தேவைப்பட்டது இப்படித்தான்.

இனி டின்னுக்கு வருவோம். அழுத்திப் பீய்ச்சும் டின் என்ற யோசனைக்கு 1920களில் காப்புரிமை வாங்கியவர் எரிக் ரோத்தைம் என்ற நார்வேப் பொறியாளர். அது உடனே பெரிதாகப் பரவவில்லை. அதைக் கையடக்கப் பொருளாக்கியது போர், குறிப்பாகக் கொசு. பசிபிக்கில் அமெரிக்கப் படை மலேரியாவால் படுத்தது. அமெரிக்க வேளாண்துறையின் லைல் குட்ஹியூவும் வில்லியம் சல்லிவனும் கொசுமருந்து பீய்ச்சும் குப்பியை உருவாக்கி 1943இல் காப்புரிமை பெற்றார்கள். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? பூவிலிருந்து எடுத்த பைரித்ரம், ஃப்ரியான் வாயு, அப்புறம் நம்ம நல்லெண்ணெய். மருந்தின் வீரியத்தைக் கூட்ட எள் எண்ணெய் உதவியது. 1949இல் இல்லினாய் மாநிலத்தில் எட் சீமோர் அதே வகை டின்னுக்குள் அலுமினிய நிறப் பெயிண்டை அடைத்தார். யோசனை அவர் மனைவி போனியுடையது. இன்று நான் கையில் பிடிக்கும் மேட் கிளியர் அந்த வம்சம்.

இதைப் படித்தபோதுதான் பாட்டியின் 'மருந்தடிச்ச வீடு' திரும்ப வந்தது. மலேரியா நமக்குப் பிறர் கதை அல்ல. காட்டைத் திறந்து ரப்பர் நட்ட காலத்தில் தோட்டங்களில் தமிழர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடியவைத்துக் கொசுவைக் குறைக்கப் போராடினார். டிடிடி கொசுவையும் பூச்சிகளையும் கொல்லும் என்று பால் முல்லர் 1939இல் கண்டுபிடித்தார். அதற்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. 1967இல் தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. முதுகில் பம்பு சுமந்தவர்கள் வீடு வீடாக உட்சுவர்களில் டிடிடி அடித்தார்கள். நீர் காய்ந்ததும் சுவரில் வெள்ளையாகத் தங்கும். அதன்மேல் உட்காரும் கொசு சாகும்.

பாட்டியிடம் கேட்டேன். "கல்யாணமாகி வந்த புதுசு. சட்டி பானையெல்லாம் வெளிய தூக்கி வைக்கச் சொல்வாங்க. அடிச்சிட்டுப் போனா சுவரு பூரா வெள்ளையா நிக்கும். எனக்குப் பிடிக்காது, தொடைக்கப் போனேன். மாமியார் கையைப் பிடிச்சிட்டாங்க. அவங்களுக்கு ரெண்டு புள்ள காய்ச்சல்ல போயிருச்சில்ல. கண்ணுல தெரியுற வரைக்கும் இருக்கட்டும்னாங்க. நம்ம பூனைகூட அந்த மருந்துலதான் செத்துச்சு."

ஒரு பூச்சு காக்கவும் செய்கிறது, கொல்லவும் செய்கிறது. இதை ஓவியக்காரர்களும் அறிவார்கள். 1920 முதல் 1922 வரை ஹைதராபாத் நிஜாம் அரசு அஜந்தா ஓவியங்களைக் காப்பாற்ற லொரென்சோ செக்கோனி, ஓர்சினி என்ற இரண்டு இத்தாலியர்களை அழைத்தது. உதிர்ந்துகொண்டிருந்த பூச்சுகளை அவர்கள் ஒட்டிக் காப்பாற்றினார்கள். மேலே ஷெல்லாக் வார்னிஷும் பூசினார்கள். காலப்போக்கில் அது மஞ்சளாகிப் பழுப்பேறியது. பிற்பாடு தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் அதைப் பொறுமையாக அகற்ற வேண்டியிருந்தது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் பூசவில்லை. தெளிவாக இருப்பது எப்போதும் தெளிவாகவே இருக்கும் என்று நம்பிவிட்டார்கள்.

நான் செய்த தவறு அதைவிடச் சாதாரணம். லேக்கர் வகை கிளியரின் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கும். மழை விட்ட மாலையில் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். அந்தக் காற்று குளிர்ந்த பரப்பில் பட்டதும் நீர் கோத்துக்கொள்ளும், பிசின் தெளிவாகப் படியாமல் வெளுத்துவிடும். குற்றம் டின்னில் இல்லை. பொருளறிவியல் படித்தவன் நான், இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அவசரத்தில் மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒழுங்காகச் சோதித்தேன். பிளாஸ்டிக் கரண்டிகளை வாங்கிக் கருப்பு அடித்தேன். வெண்படலம் கருப்பில்தான் முதலில் தெரியும். தமியாவின் டிஎஸ்-80, மிஸ்டர் சூப்பர் கிளியரின் மேட், நீரில் கரையும் அக்ரிலிக் ஒன்று என மூன்றையும் காலை எட்டு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் அடித்துப் பார்த்தேன். மதியக் கரண்டிகள் எல்லாமே நன்றாக வந்தன. காலைக் கரண்டிகளில் இரண்டு லேக்கரும் கொஞ்சம் வெளுத்தன, அக்ரிலிக் வெளுக்கவில்லை. ஆனால் அக்ரிலிக்கை நகத்தால் சுரண்டினால் எளிதில் உரிந்தது. லேக்கர் உறுதி, மெல்லிய படலம், பலகையின் நரம்பை மறைக்காது. அதன் குறை, கனமாக அடித்தால் கீழே உள்ள பெயிண்டையும் ஒட்டுப்படத்தையும் கரைத்துவிடும். ஆகவே 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, பனி போல இரண்டு மூன்று தடவை. முகத்தில் மாஸ்க், திறந்த வெளி.

வீட்டில் தூக்கி அலங்கரிக்கப் போகும் வண்டி என்றால் உங்களுக்கு எந்த டின்னும் போதும். அடிக்கடி கைபடும் மாடலுக்கு லேக்கர். அடைத்த அறையில் அடிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக். மலேசியாவில் மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: மழைக்கு முந்தைய மதியம்.

நான் டிஎஸ்-80ஐத் தேர்ந்தெடுத்தேன். வெயில் அடித்த சனிக்கிழமை ஒரு மணிக்கு, நிழலில் வைத்து, வெளுத்த இடங்களில் மெதுவாக அடித்தேன். புதிய கரைப்பான் பழைய படலத்தை இளக்கியது. இந்தத் தடவை காற்று உலர்ந்திருந்ததால் வெண்மை கண்ணெதிரே மறைந்தது. கூரையில் துரு திரும்பி வந்தது, தூண்கள் கருத்தன. சுவர் சுண்ணாம்புச் சுவராகவே நின்றது.

என் மாடலில் கூரையைத் தனியாகத் தூக்கலாம், உள்ளே ஆறு அறைகள் தெரியும். வெளிப்புறம் முடித்து, உள்ளே ஒவ்வோர் அறையாகச் சரிசெய்துகொண்டே வந்தேன். நாலாவது கதவுக்கு வந்தபோது பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அது நம்ம வீடுடா."

"ஆமா பாட்டி."

"அத அப்படியே விட்டுரு."

டின்னைக் கீழே வைத்தேன். மற்ற ஐந்து அறைகளும் இப்போது சரியாக இருக்கின்றன. நாலாவது அறையின் சுவர்கள் மட்டும் வெளுத்துக் கிடக்கின்றன. பார்க்க வரும் மாடல் நண்பர்கள் கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இங்க மட்டும் மழை நேரத்துல அடிச்சிட்டியா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, நேரமிருப்பவர்களிடம் மீதியையும் சொல்கிறேன்.